ஸ்டூடியோவுக்கு ஓர் அருவி

மலாக்கா டவுனில் நானும் என் கணவரும் நடத்தும் ஸ்டூடியோவுக்குக் குடும்பப் படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது அருவித் திரையைத்தான். சுவர் அகலத்துக்கு அச்சடித்த துணி அது. நடுவில் வெள்ளையாக ஓர் அருவி, அதற்கு மேலே பனி மூடிய மலை, இரண்டு பக்கமும் ஊசி ஊசியாக மரங்கள். கடை திறந்த புதிதில் மற்றச் சாமான்களோடு சேர்த்து வாங்கியது. அதில் ஒரு தொல்லை இருந்தது. அருவி சரியாக நடுவில் விழும். குடும்பப் படத்தில் நடுவில் உட்காருவது யார்? வீட்டுக்குப் பெரியவர். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். தண்ணீர் நேராக அவர் வழுக்கைத் தலையில் கொட்டிக்கொண்டிருக்கும்.

இத்தனை வருடமாக நான் அதைக் கண்டும் காணாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை, மகளின் புதுநன்மை விழாவுக்குப் படம் எடுக்க ரெம்பியாவிலிருந்து ஒரு கத்தோலிக்கக் குடும்பம் வந்தது. வெள்ளை கவுன் போட்ட அந்தப் பெண்ணை நிற்கவைத்து நான் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அவளுடைய அப்பா திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா, இது எந்த ஊரு வாட்டர்ஃபால்?"

"தெரியல தம்பி. சுவிட்சர்லாந்தா இருக்கும்."

"நாம நிக்கிறது மலாக்கா, பின்னால சுவிட்சர்லாந்தா? ஏன் லா, நம்ம லேடாங்ல தண்ணி இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியபிறகும் அந்தக் கேள்வி காதில் நின்றது. லேடாங் மலையை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். வானம் தெளிந்திருக்கும் நாளில் ஜாசின் பக்கம் போனால் செம்பனைத் தோட்டங்களுக்குப் பின்னால் நீலமாக உட்கார்ந்திருக்கும். ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. பள்ளியில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போன அன்று எனக்கு அம்மை போட்டிருந்தது. அப்புறம் கல்யாணம், கடை, பிள்ளைகள். மலை எங்கே ஓடிவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் சொன்னேன். "புது ஸ்கிரீன் அடிக்கப்போறோம். லேடாங் அருவி. நானே போய் எடுக்கிறேன்."

"இன்டர்நெட்ல ஆயிரம் கிடக்கே. ஒண்ண வாங்கிப் போட்டா முடிஞ்சது."

"அதுல எல்லாம் அருவி நடுவுல இருக்கும். எனக்கு ஓரமா வேணும். நடுவுல ஆள் நிக்க எடம் வேணும். வெளிச்சம் நம்ம லைட் வர்ற பக்கத்திலேருந்து வரணும். கேமரா நம்ம ஸ்டூடியோல இருக்கிற அதே உயரத்துல இருக்கணும். அப்பதான் நிக்கிறவங்க ஒட்டவச்ச மாதிரி தெரிய மாட்டாங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு யோசிச்சுட்டியா? அப்ப திங்கக்கிழமை போ. கடைய நான் பார்த்துக்கிறேன். தனியா மட்டும் போகாதே."

தனியாகப் போகும் எண்ணம் எனக்கும் இல்லை. எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, அதுவும் நல்ல உயரமான ஆள். படத்தில் எந்தக் கல்லின் பக்கத்தில் மனிதர் நின்றால் எவ்வளவு பெரிதாகத் தெரிவார் என்று அளவு பார்க்க வேண்டும். அதற்கு என் அண்ணனைவிடப் பொருத்தமானவர் மலாக்காவில் இல்லை. குருபோங்கில் ஒரு தொழிற்சாலைக்கு லாரி ஓட்டுகிறார். கதவில் நுழையும்போது குனிந்துதான் நுழைவார். ஐம்பதைத் தாண்டிவிட்டாலும் என்னை இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்; எனக்கு மூத்த பிள்ளை கல்லூரியில் படிக்கிறான்.

"காட்டுலயா? அட்டை இருக்குமே பாப்பா" என்றார் போனில்.

"இருக்கும்."

"சரி, சாப்பாடு நான் கொண்டாறேன்."

திங்கட்கிழமை விடியும்போது அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அண்ணன் பந்து விளையாட்டுக்காரர்கள் போடும் நீளமான சாக்ஸை முட்டிவரை இழுத்துவிட்டுக்கொண்டு தயாராக இருந்தார். கையில் ஒரு கூடை. தேங்காய்ப்பால் சோற்றை வாழை இலையில் மடித்த நாசி லெமாக் பொட்டலங்கள், அவித்த முட்டை, ஃபிளாஸ்கில் நுரைக்க ஆற்றிய தே தாரேக் தேநீர். ஒரு சிறிய கல்யாணத்துக்குப் போதும்.

"ரெண்டு பேருக்கா இவ்வளவு?"

"மலை ஏறினா பசிக்கும் லா."

வழியெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜாசினைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பியதும் மலை எதிரே வந்தது. அடுத்த வளைவில் செம்பனை மரங்கள் மறைத்தன. மறுபடி வந்தபோது இன்னும் பெரிதாக இருந்தது. "தோ பாரு, தோ பாரு!" என்று நான் ஒவ்வொரு தடவையும் கத்த, அண்ணன், "நான் ரோட்டப் பார்க்கவா, மலையப் பார்க்கவா?" என்றார். மாநில எல்லையைக் கடந்து ஜொகூருக்குள் போய், பூங்கா வாசலில் வண்டியை நிறுத்தினோம். பெயர் பதியும் இடத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் என் டிரைபாடைப் பார்த்துவிட்டு அன்பாக ஒன்று சொன்னார். இங்கே வெயில் அடித்தாலும் உச்சியில் மழை பெய்திருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கினால் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மலாயில் அதைக் 'கெப்பாலா ஆயிர்' என்பார்கள், தண்ணீரின் தலை. மழைநீர் மலையிலிருந்து ஒரே மொத்தையாக இறங்கிவரும். நாங்கள் தலையாட்டிவிட்டு நடந்தோம்.

கீழே இருந்த குளங்களும் சின்னச் சின்னச் சரிவுகளும் அழகாகத்தான் இருந்தன. ஆனால் எனக்கு வேண்டியது இன்னும் மேலே இருந்தது. படிகள் முடிந்து வேர்கள் பின்னிய பாதை தொடங்கியதும் காற்றே மாறிவிட்டது. ஏர்கான் அறைக் கதவைத் திறந்து உள்ளே போவதுபோலக் குளிர்ச்சி. கேமராப் பை முதுகில் அழுத்தியது, சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது, ஆனாலும் கால் தானாக எட்டிப் போட்டது. பின்னால் அண்ணன் வேரைப் பிடித்து, மரத்தைப் பிடித்து, கடவுளைக் கூப்பிட்டு ஏறிவந்தார்.

"பாப்பா, கொஞ்சம் நில்லு... நான் லாரி ஓட்டுறவன், லாரியத் தூக்கிட்டு நடக்கிறவன் இல்ல."

"சத்தம் கேக்குது அண்ணே! கேக்குதா?"

முதலில் அது மழைபோலக் கேட்டது. அப்புறம் தூரத்தில் நெடுஞ்சாலை ஓடுவதுபோல. பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பியது. நான் ஓடினேன். நாற்பத்தைந்து வயதில், டிரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வழுக்கும் பாதையில் நிஜமாகவே ஓடினேன்.

பச்சைச் சுவர் நடுவில் பிளந்து, அதிலிருந்து வெள்ளைத் தண்ணீர் நின்று நிதானித்து விழுவதுபோல விழுந்துகொண்டிருந்தது. ஒரு பாறையில் பட்டு இரண்டாகப் பிரிந்து, கீழே மறுபடி சேர்ந்து, தேயிலைச் சாயம்போலத் தெளிந்த ஒரு குளத்தில் இறங்கியது. சாரல் என் முகத்தில் அடித்தது. வாயைத் திறந்து ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை. அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். மூச்சு வாங்கியது. கூடையைக் கீழே வைக்கவும் மறந்து அருவியையே பார்த்தார்.

பார்த்தது போதும் என்று மனசு சொல்ல நேரமானது. பிறகு வேலையைத் தொடங்கினேன். எதிரே நின்று பார்த்தால் இதுவும் நடுவில்தான் விழுந்தது. வலது கரையில் கல் கல்லாகத் தாவிப் போய், தண்ணீருக்கு ஓரமாகத் தட்டையான ஒரு பாறையைக் கண்டுபிடித்தேன். அங்கிருந்து பார்த்தால் அருவி இடப்பக்கம் ஒதுங்கியது. நடுவில் பாசி படிந்த கற்களும் பெரணிச் செடிகளும் குளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேடைக்கல்லும். ஒரு குடும்பமே நிற்கலாம். யார் தலையிலும் தண்ணீர் கொட்டாது. எனக்குக் கை தட்டவேண்டும்போல இருந்தது.

டிரைபாடை விரித்துக் கேமராவை மாட்டிப் பார்த்தால், குளத்தின் நடுவில் ஒரு சீனப் பெரியவர் மிதந்துகொண்டிருந்தார். வெறும் கால்சட்டையோடு, கண்ணை மூடிக்கொண்டு, வயிறு வானத்தைப் பார்க்க. என் படத்தின் சரியான மையத்தில்.

"அங்கிள்!" என்று கூப்பிட்டேன். அருவிச் சத்தத்தில் எதுவும் கேட்காது. அண்ணன் சாக்ஸைக் கழற்றாமலே முட்டியளவு தண்ணீரில் இறங்கிப் போய், அவர் கண்ணில் நிழல் விழும்படி நின்றார். பெரியவர் கண்ணைத் திறந்து, மேலே ஆகாயம்வரை நிற்கும் என் அண்ணனைப் பார்த்து மிரண்டுபோய்த் தண்ணீர் குடித்துவிட்டார். அண்ணன் மலாயில் மன்னிப்புக் கேட்டு, விஷயத்தைச் சொல்லி, கடைசியில் ஒரு நாசி லெமாக் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டியதும் அவர் சிரித்தபடி கரையேறினார். ஓய்வு பெற்ற பிறகு வாரம் தவறாமல் இங்கே வந்து மிதப்பாராம். முதுகுவலிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லையாம். இருவரும் மேடைக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இலையைப் பிரித்து, பழைய சிநேகிதர்கள் மாதிரி சாப்பிடத் தொடங்கினார்கள்.

அடுத்த தடை சூரியன். வெயில் பளீரென்று விழுந்து அருவியை வெள்ளைத் தாள்போல ஆக்கிவிட்டது. காத்திருந்தேன். ஒரு மேகம் வந்து மூடியதும் காடு முழுவதும் வெளிச்சம் மெத்தென்று பரவியது. ஸ்டூடியோவில் நான் விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டி உண்டாக்கும் அதே வெளிச்சம், இங்கே வானம் முழுக்கச் சும்மா கிடைத்தது. சுவரளவு பெரிதாக அச்சடிக்க ஒரு படம் போதாது. இடமிருந்து வலமாகத் துண்டு துண்டாக எடுத்துப் பிறகு ஒன்றாக ஒட்ட வேண்டும். கேமராவைத் தொட்டால் அசையும் என்பதால் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டேன். ஷட்டரை மெதுவாகத் திறந்து மூடும்படி வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், கேமராவுக்குப் பதிலாக நான் அசைந்துவிடப்போவதுபோல. திரையில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீர் பட்டுத்துணி உதறியதுபோல விழுந்திருந்தது. பெரணியின் ஒவ்வோர் இலையும் தனியாகத் தெரிந்தது.

"கிடைச்சிருச்சு அண்ணே!" என்று குதித்தேன். "இப்ப நீ போய் அந்தக் கல்லு மேல நில்லு. அளவு பார்க்கணும்."

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு மேடைக்கல்லின் நுனிக்குப் போய், புதுமாப்பிள்ளைபோல விறைத்து நின்றார். ஒரு படம் எடுத்தேன். முன்பு எடுத்த வெற்றுப் படத்தையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், கேமரா நகர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. ஏதோ பொருந்தவில்லை. முதல் படத்தில் அண்ணன் காலுக்குக் கீழே, கல்லின் ஓரத்தில், உலர்ந்த வெளிர்நிறப் பட்டை ஒன்று இருந்தது. இந்தப் படத்தில் அது இல்லை. கேமரா சரிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நிமிர்ந்து குளத்தைப் பார்த்தேன். தேயிலைச் சாயம் பால் கலந்த தேநீராக மாறிக்கொண்டிருந்தது. ஒரு கொத்து இலைகளும் சுள்ளிகளும் சுழன்று வந்தன.

"அண்ணே! ஏறு! மேல ஏறு!"

அவருக்குக் கேட்கவில்லை. நான் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, படத்துக்குத்தான் அப்படி நிற்கச் சொல்கிறேன் என்று நினைத்து, தானும் இரண்டு கைகளையும் அகல விரித்து, பல் தெரியச் சிரித்தார். என் கட்டைவிரல் எப்போது ரிமோட்டை அழுத்தியதோ தெரியாது. நான் கேமராவை அப்படியே விட்டுவிட்டுக் கல்லுக்குக் கல் தாவி அவரை நோக்கி ஓடினேன். ஓடிக்கொண்டே கரையில் இருந்த பெரியவரைப் பார்த்துத் தண்ணீரைக் காட்டினேன். அவர் ஒரே பார்வைதான் பார்த்தார். வாயில் இருந்த சோற்றோடு எழுந்தார்.

"கெப்பாலா ஆயிர்! லாரி! லாரி!"

ஓடு என்று மலாயில் கத்தியபடியே அண்ணனுடைய டீசர்ட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். அவர் தலை அண்ணன் மார்புவரைதான் வரும். ஆனாலும் அந்த இழுப்பில் அண்ணன் தடுமாறித் திரும்பி, கல்லைத் தாண்டி, கரைக்கு வந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று பேரும் வேர்களைப் பற்றி மேட்டில் ஏறினோம். முழங்கால் எங்கே இடித்தது, கை எங்கே கிழிந்தது என்று ஒன்றும் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தபோது மேடைக்கல் இல்லை. அருவி இரண்டாகப் பிரிந்து விழவில்லை. அதைப் பிரித்த பாறையையே விழுங்கிவிட்டு, காவி நிறத்தில், மலை முழுவதும் சரிவதுபோல வந்தது. தரை அதிர்ந்தது. சாப்பாட்டுக் கூடை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

"என் கேமரா!" என்றேன்.

எங்களுக்குக் கொஞ்சம் கீழே, வலது கரைப் பாறையில், அது தன் மூன்று கால்களில் நின்றுகொண்டிருந்தது. நுரை அதன் பாதத்தைத் தொட்டது. நான் ஒரு காலை எடுத்து வைத்தேன். அண்ணன் என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"போனா போகட்டும் பாப்பா! வேற வாங்கிக்கலாம். நீ ஒருத்திதான் இருக்கே!"

அப்போதுதான் என் கைக்குள் ரிமோட் இருப்பதை உணர்ந்தேன். அழுத்தினேன். கேமராவின் முகப்பில் சின்னச் சிவப்பு விளக்கு மின்னியது. அது வேலை செய்துகொண்டிருந்தது! மறுபடி அழுத்தினேன். மின்னியது. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. "எடுக்குது அண்ணே, எடுக்குது!" என்று கத்திக்கொண்டே அழுத்திக்கொண்டிருந்தேன். தண்ணீர் டிரைபாடின் கால்களில் ஏற ஏற, நான் அழுத்த அழுத்த, அது கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பெரியவரும் சேர்ந்துகொண்டார். விளக்கு மின்னும்போதெல்லாம் "லாகி! லாகி!" என்று இன்னும் இன்னும் கேட்டார். அண்ணன் ஒரு கையால் என் சட்டையையும் மறு கையால் ஒரு மரத்தையும் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

தண்ணீர் டிரைபாடின் முதல் மடிப்புவரை ஏறி, அங்கேயே நின்றது. நாங்கள் நெடுநேரம் மேட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். சத்தம் மெல்லத் தணிந்தது. கற்கள் ஒவ்வொன்றாகத் தலை காட்டின. பெரியவர்தான், இனிப் போகலாம், ஆனால் கரையோரம் வேண்டாம் என்று கையைக் காட்டி, மேல் வழியாகச் சுற்றிக் கூட்டிப்போனார். கேமராவைத் தூக்கினேன். கண்ணாடி முழுவதும் சாரல். துடைத்துவிட்டுப் பார்த்தேன். எல்லாப் படங்களும் உள்ளே இருந்தன.

இறங்கும்போதுதான் அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. "அவரு லாரி லாரின்னு கத்தினப்ப, என் லாரிய யாரோ இடிச்சிட்டான்னு நினைச்சேன் லா." அந்தச் சிரிப்பு பூங்கா வாசல்வரை ஓயவில்லை. பெரியவர் எங்களோடு கைகுலுக்கிவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். அண்ணனின் சாக்ஸில் மூன்று அட்டைகள் இருந்தன. அவற்றை உதறிவிட்டபோது அவர் முகம் சுளிக்கக்கூட இல்லை.

மறுநாள் கடையில் கணினித் திரையில் படங்களைத் திறந்தேன். என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே அருவி தெளிந்து, கலங்கி, வெறிபிடித்து வருவது வரிசையாக ஓடியது.

"கடைசியில எடுத்தத ஸ்கிரீனா அடிப்போம்" என்றார். "இந்த மாதிரி யாருகிட்டயும் இருக்காது."

"அதுக்கு முன்னால யாரு சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க? பிள்ளைங்க ஓடிரும்."

அமைதியான படத்தை ஒட்டித் துணியில் அச்சடித்தோம். காவி வெள்ளத்தைச் சட்டம் போட்டுத் தெருவைப் பார்க்கும் கண்ணாடியில் மாட்டினோம். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதை நின்று பார்க்கிறார்கள். புதுத் திரைக்கு முன்னால் முதலில் நின்றது ஒரு நிச்சயதார்த்தக் குடும்பம். அந்தப் பக்கத்தில் தண்ணீர் விழ, இந்தப் பக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் பெற்றவர்களும் கல்மேல் நிற்பதுபோலவே நின்றார்கள். நான் கேமராவுக்குப் பின்னால் நின்று, படம் எடுக்க மறந்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததை அண்ணியிடம் சொல்லவேண்டாம் என்று அண்ணன் கேட்டிருந்தார். நானும் சொல்லவில்லை. ஆனால் கைகளை விரித்துச் சிரிக்கும் அந்தப் படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. பெரிதாக அச்செடுத்து, தீபாவளிப் பலகாரத்தோடு குருபோங்குக்குக் கொண்டுபோனேன். அண்ணி அதை வாங்கி, "நல்லா இருக்காரே, இவருக்குச் சிரிக்கக்கூடத் தெரியுமா?" என்றார். பிறகு கண்ணருகே கொண்டுபோனார். அண்ணனின் காலைச் சுற்றிக் கிடந்த கலங்கல் நீரையும் இலைகளையும், பின்னால் கையில் இலைப் பொட்டலத்தோடு பாய்ந்துவரும் சீனப் பெரியவரையும் பார்த்தார். அண்ணி வளர்ந்தது ஆற்றோரத் தோட்டத்தில்; வெள்ளம் வரும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார்.

உள்ளே போனோம். கதவு சாத்தப்பட்டது. ஐம்பதைத் தாண்டிய லாரி ஓட்டுநரும் நாற்பத்தைந்து வயதுப் படக்காரியும் சமையலறையில் வரிசையாக நின்று வாங்கிக் கட்டிக்கொண்டோம். புத்தி இருக்கா, பிள்ளைகளை நினைச்சீங்களா, படம் பெருசா உயிர் பெருசா. ஒருவழியாக மூச்சு வாங்க நிறுத்தியவர், மேசையில் கிடந்த படத்தை மறுபடி எடுத்தார். விரலால் அருவியை மேலிருந்து கீழே தடவினார்.

"தண்ணி சில்லுனு இருக்குமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஐஸ் மாதிரி அண்ணி."

"ம்" என்றார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வடைமாவை எடுத்துத் தட்டியபடி, என் பக்கம் திரும்பாமலேயே, "ஏறுறப்ப முட்டி ரொம்ப வலிக்குமா?" என்றார்.